கூழைக்கடாவை எவ்வளவு நெருங்கலாம்?

மெல்பர்னுக்குச் சுற்றுலா போகும் நம் நாட்டுக் குடும்பங்கள் பல, பெங்குவின்களைப் பார்க்கப் பிலிப் தீவுக்கும் போவது வழக்கம். அந்தத் தீவுக்குச் செல்லும் பாலம் தொடங்கும் இடத்தில் சான் ரீமோ என்ற சிறிய மீனவ ஊர் இருக்கிறது. பாலத்தைக் கடக்கும் அவசரத்தில் பலர் அங்கே நிற்பதில்லை. நின்றால், படகுத்துறைக்குப் பக்கத்தில் உங்கள் இடுப்பளவு உயரத்தில், கறுப்பும் வெள்ளையுமான இறக்கைகளோடு, முழங்கை நீள அலகுடன் ஒரு பறவை உங்களை நிதானமாகப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். அதுதான் ஆஸ்திரேலியப் பெலிகன். பெலிகனுக்குத் தமிழில் கூழைக்கடா என்று பெயர்.

உலகில் எட்டு வகைக் கூழைக்கடாக்கள் உள்ளன. தமிழ்நாட்டில் வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் மரங்களில் கூடு கட்டுவது அவற்றுள் ஒன்று. ஆஸ்திரேலிய வகை தரையில் கூடு கட்டும். மனிதர்கள் மீன்பிடிக்கும் இடங்களுக்கு அச்சமில்லாமல் வந்து நிற்கும். அதனால் இவ்வளவு பெரிய காட்டுப் பறவையை மிக அருகில் பார்க்கும் வாய்ப்பு சாதாரணச் சுற்றுலாப் பயணிக்கும் கிடைக்கிறது.

பறவையைப் பார்த்ததும் கை தானாகவே கைத்தொலைபேசியைத் தேடும். படம் எடுக்கலாமா? தாராளமாக எடுக்கலாம். ஆனால் எவ்வளவு அருகில் போகலாம்? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒளியியல், விலங்கியல், சிறிது கணக்கு ஆகிய மூன்றும் தேவைப்படும்.

அந்த அலகுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் பறவையைப் புரிந்துகொள்வோம். ஒன்றைப் பற்றித் தெரிந்தவர்தான் அது அடுத்து என்ன செய்யும் என்று ஊகிக்க முடியும். நல்ல படத்துக்கும் அதுதான் அடிப்படை.

ஆஸ்திரேலியக் கூழைக்கடாவின் அலகு 40 முதல் 50 சென்டிமீட்டர் வரை நீளமுள்ளது. பறவைகளிலேயே மிக நீளமான அலகு இதற்குத்தான். இறக்கைகளை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 2.3 முதல் 2.6 மீட்டர் வரை இருக்கும். நம் வகுப்பறைக் கதவின் உயரத்தைவிட அது அதிகம்.

கீழ் அலகு நாம் நினைப்பதுபோல் உறுதியான ஒரே எலும்பு இல்லை. இரண்டு மெல்லிய, வளையக்கூடிய எலும்புகள் இருபுறமும் ஓட, அவற்றுக்கிடையே தோலால் ஆன பை தொங்குகிறது. பறவை அலகைத் தண்ணீருக்குள் நுழைத்ததும் அந்த எலும்புகள் வில்போல் வெளிப்பக்கம் வளைகின்றன. பை விரிந்து வலையாகிறது. மீன் உள்ளே வரும்போது தண்ணீரும் கூடவே வரும்.

இந்தப் பையில் சுமார் 13 லிட்டர் வரை தண்ணீர் பிடிக்கும் என்று சொல்வார்கள். இப்போது ஒரு சின்னக் கணக்கு. 13 லிட்டர் தண்ணீரின் எடை 13 கிலோகிராம். பறவையின் எடையோ பெரும்பாலும் 4 முதல் 8 கிலோகிராம் வரைதான். தன்னைவிட அதிக எடையைத் தூக்கிக்கொண்டு அதனால் பறக்க முடியுமா? முடியாது. ஆகவே, கூழைக்கடா மீனைப் பையில் நிரப்பிச் சேமித்துக்கொண்டு பறக்கிறது என்று கார்ட்டூன்களில் காட்டுவதை நம்ப வேண்டாம். பை ஒரு கூடை இல்லை, அது அரிப்பு வலை.

மீன் பிடித்ததும் பறவை அலகை மார்போடு சேர்த்துக் கீழ்நோக்கி வைத்துக்கொள்ளும். பையைச் சுருக்கித் தண்ணீரை வெளியேற்றும். பிறகு மீனின் தலை தொண்டைப் பக்கம் வருமாறு திருப்பி, அலகை மேலே உயர்த்தி விழுங்கும். தலை முதலில் போனால்தான் துடுப்புகளும் செதில்களும் தொண்டையில் குத்தாது.

படம் எடுப்பவருக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. அலகு மார்போடு ஒட்டிக் கீழே இறங்கினால், சிறிது நேரத்தில் அது வானத்தை நோக்கி உயரும். கேமராவைத் தயாராகப் பிடித்திருக்க அந்த இடைவெளி போதும்.

முதுகெலும்பு வாய்வழியே வருகிறதா?

இணையத்தில் அவ்வப்போது ஒரு படம் சுற்றும். கூழைக்கடாவின் திறந்த வாய்க்குள்ளிருந்து ஏதோ ஒன்று கம்பிபோல் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முதுகெலும்பு வெளியே வருகிறது என்று கீழே எழுதியிருப்பார்கள். இது உண்மையன்று. பறவை சோம்பல் முறிப்பதுபோல் தலையைப் பின்னுக்கு இழுத்து, அலகுப்பையைத் தன் கழுத்தின் மேலேயே போர்த்தி நீட்டுகிறது. உள்ளிருக்கும் கழுத்து பைத் தோலைத் தள்ளுவதால் அப்படித் தெரிகிறது. பையின் தோல் இளகி இருக்க அது செய்யும் உடற்பயிற்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

வெயில் ஏறினால் இன்னொரு காட்சி கிடைக்கும். வாயைச் சற்றுத் திறந்து பையை வேகமாகப் படபடவென்று அசைக்கும். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. பையின் ஈரமான உட்பரப்பில் காற்று படும்போது நீர் ஆவியாகி, அதோடு வெப்பமும் வெளியேறுகிறது. நாய் நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பதும் இதே அறிவியல்தான்.

பெரிய உடம்பு, இலேசான எலும்பு

இவ்வளவு பெரிய பறவையின் மொத்த எலும்புக்கூடும் உடல் எடையில் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. எலும்புகளுக்குள் காற்று நிறைந்திருக்கிறது. தோலுக்கு அடியிலும் சிறு சிறு காற்றுப் பைகள் உண்டு. அதனால் அது தக்கைபோல் தண்ணீரின் மேல் உயர்ந்து மிதக்கிறது. அந்த மிதப்பே ஒரு குறையும் ஆகிறது. உடம்பு முழுவதும் மூழ்கி ஆழத்துக்குப் போக அதனால் இயலாது. ஆகவே ஆஸ்திரேலியக் கூழைக்கடா நீரின் மேற்பரப்பை ஒட்டியே மீன் பிடிக்கிறது. பல பறவைகள் வரிசையாகச் சேர்ந்து, இறக்கைகளால் தண்ணீரை அடித்து, மீன்களை ஆழமில்லாத பகுதிக்கு விரட்டி, ஒரே நேரத்தில் அலகை நுழைப்பதும் உண்டு. அமெரிக்கக் கரையோரங்களில் வாழும் பழுப்புக் கூழைக்கடா வேறு வழியைக் கையாள்கிறது. அது 10 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்துகூடத் தலைகீழாகக் கடலுக்குள் பாயும்.

மேலே எழும்புவதற்குத்தான் இதற்குச் சிரமம் அதிகம். தண்ணீரின் மேல் இரு கால்களாலும் ஒரே சமயத்தில் உதைத்து உதைத்து ஓடி, காற்றை எதிர்த்து எழும்பும். காற்றை எதிர்த்துப் போனால், இறக்கையின் மேல் காற்று பாயும் வேகம் கூடும். தூக்குவிசையும் கூடும். விமானங்களும் இதே காரணத்துக்காகத்தான் காற்றை எதிர்த்து ஏறி இறங்குகின்றன. உங்கள் முதுகில் காற்று படும்படி நின்றால், இறங்க வரும் கூழைக்கடா உங்களை நோக்கி வரும். ஓடிப்போய்த் துரத்துவதற்குப் பதிலாக, காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று பார்த்து நின்றாலே போதும்.

உயரே போன பிறகு அது இறக்கையை அதிகம் அடிப்பதில்லை. வெயிலில் சூடான நிலத்திலிருந்து மேலெழும் காற்றில் வட்டமிட்டு ஏறுகிறது. 1,000 மீட்டர் உயரம் அதற்குச் சாதாரணம். 3,000 மீட்டர் உயரத்திலும் பார்த்திருக்கிறார்கள். கூட்டமாகப் பறக்கும்போது முன்னே போகும் பறவையின் இறக்கை முனையில் எழும் காற்றோட்டத்தைப் பின்னே வருவது பயன்படுத்திக்கொள்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெள்ளைக் கூழைக்கடாக்களுக்கு இதயத் துடிப்பை அளக்கும் கருவி பொருத்தி இதைச் சோதித்தார்கள். வரிசையாகப் பறப்பதால் 11 முதல் 14 விழுக்காடு ஆற்றல் மிச்சமாகிறது என்று 2001ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

அதிகாலையில் நிலம் இன்னும் சூடாகியிருக்காது. மேலெழும் காற்றும் இருக்காது. அப்போது பறவைகள் கரையில் நின்று இறகு கோதிக்கொண்டிருக்கும். வெயில் ஏறிய பிறகு உயரே போய்விடும். படத்துக்கு ஏற்ற மென்மையான ஒளியும் அதே அதிகாலையில்தான் கிடைக்கிறது.

கைத்தொலைபேசி ஏன் உங்களை முன்னே தள்ளுகிறது?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம்.

கேமராவுக்குள் இருக்கும் ஒளி உணரியில் பறவையின் உரு எவ்வளவு பெரிதாக விழும்? தூரம் அதிகமாக இருக்கும்போது இந்தச் சூத்திரம் ஏறக்குறையச் சரியாக இருக்கும்:

உருவின் அளவு = வில்லையின் குவியத் தூரம் × பொருளின் அளவு ÷ பொருள் இருக்கும் தூரம்

கூழைக்கடாவின் அலகு 45 சென்டிமீட்டர், அதாவது 450 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பறவை 15 மீட்டர் தூரத்தில், அதாவது 15,000 மில்லிமீட்டர் தூரத்தில் நிற்கிறது.

300 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள தொலைவில்லை இருந்தால்: 300 × 450 ÷ 15,000 = 9 மில்லிமீட்டர். சுமார் 24 மில்லிமீட்டர் அகலமுள்ள உணரியில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அருமையான படம்.

கைத்தொலைபேசியின் முதன்மை வில்லையின் உண்மையான குவியத் தூரம் சுமார் 6 மில்லிமீட்டர்தான். அப்படியானால்: 6 × 450 ÷ 15,000 = 0.18 மில்லிமீட்டர். சுமார் 8 மில்லிமீட்டர் அகலமுள்ள உணரியில் இது நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. திரையில் அலகு ஒரு சிறு கீற்றாகத் தெரியும்.

தொலைவில்லையில் கிடைத்ததுபோல் திரையின் மூன்றில் ஒரு பங்கை அலகு நிரப்ப வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? உரு சுமார் 2.7 மில்லிமீட்டராக வேண்டும். சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால், தூரம் = 6 × 450 ÷ 2.7 = 1,000 மில்லிமீட்டர். சரியாக ஒரு மீட்டர்!

சுற்றுலாப் பயணிகள் கையை நீட்டிக்கொண்டு பறவையின் முகத்துக்கு நேரே போவதன் காரணம் இந்தக் கணக்கில் இருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் கையிலிருக்கும் சிறிய வில்லை அவர்களை முன்னே தள்ளுகிறது. திரையில் இரு விரல்களால் பெரிதாக்குவதும் உதவாது. உணரியில் விழாத நுணுக்கம் பெரிதாக்கினால் மட்டும் வந்துவிடாது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. எட்டு மடங்கு பெரிதாக்கும் இருகண்நோக்கி வீட்டில் இருந்தால், அதன் ஒரு கண்குழாயில் கைத்தொலைபேசியின் வில்லையைப் பொருத்திப் பிடியுங்கள். 0.18 மில்லிமீட்டர் உரு எட்டு மடங்காகி 1.44 மில்லிமீட்டர் ஆகும். திரையின் அகலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு! நீங்கள் நின்ற இடத்திலிருந்து ஓர் அடிகூட நகரவில்லை. கை நடுங்காமலிருக்க, இருகண்நோக்கியை வேலிக்கம்பத்தின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். சில கைத்தொலைபேசிகளில் தொலைவில்லை தனியாகவே இருக்கும். அது இருந்தால் இன்னும் நல்லது.

பறவை சொல்லும் ‘போதும்’

ஒரு மீட்டருக்குப் போனால் என்ன கெட்டுவிடும்? பறவை கொஞ்சம் நகர்ந்து நிற்கும், அவ்வளவுதானே என்று நீங்கள் கேட்கலாம்.

ஒவ்வொரு பறவைக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி நாம் நெருங்கினால் அது செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நகரும் அல்லது பறந்துவிடும். பறந்து எழுவது அதற்கு எவ்வளவு சிரமமான வேலை என்று மேலே பார்த்தோம். ஒரே கரைக்கு ஒரு நாளில் ஐம்பது பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை அதை எழுப்பினால், பறவை ஐம்பது முறை எழ வேண்டும். அதற்கான ஆற்றல் அது பிடித்த மீனிலிருந்துதான் வர வேண்டும். இறகு கோதவும் ஓய்வெடுக்கவும் வேண்டிய நேரமும் போய்விடுகிறது. நீங்கள் ஐம்பதில் ஒருவர் என்பது உங்களுக்குத் தெரியாது. பறவைக்கு நீங்கள் ஐம்பதாவது ஆள்.

எல்லையை நெருங்கிவிட்டோம் என்பதைப் பறவையே காட்டும். இறகு கோதுவதைச் சட்டென்று நிறுத்தும். கழுத்தை நிமிர்த்தும். கூட்டமாக இருந்தால் எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பும். உடம்பை முன்னே சாய்த்து இறக்கையைப் பாதி விரிக்கும் அல்லது நடந்து விலகும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் நின்றுவிடுங்கள். இரண்டு அடி பின்னே போங்கள். பறவை மறுபடியும் இறகு கோதத் தொடங்கினால், அந்த இடம்தான் உங்கள் இடம்.

அங்கே உட்கார்ந்துவிடுங்கள். நின்றுகொண்டிருக்கும் மனிதனைவிட உட்கார்ந்திருக்கும் மனிதன் சிறியவன். அசையாமல் கால் மணி நேரம் இருந்தால், பல நேரங்களில் பறவையே உங்களை நோக்கி மிதந்து வரும். நீங்கள் நெருங்குவது வேறு, அது நெருங்குவது வேறு. அதுவாக வந்தால், எப்போது விலக வேண்டும் என்பதும் அதன் கையில்தான் இருக்கும்.

கூடு கட்டியிருக்கும் இடம் என்றால் நிலைமை இன்னும் கடுமை. அங்கே போகவே கூடாது. ஆஸ்திரேலியாவின் உள்பகுதியில் காத்தி தாண்டா என்ற ஏர் ஏரி இருக்கிறது. கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே இருக்கும் அது, பெரும்பாலான ஆண்டுகளில் உப்புப் படிந்த வறண்ட நிலம். எப்போதாவது பெருமழை பெய்து ஆறுகள் ஓடி வந்தால் நிரம்பும். அப்போது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்திலுள்ள கடற்கரைகளிலிருந்து கூழைக்கடாக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து முட்டையிடும். தண்ணீர் வற்றுவதற்குள் குஞ்சுகள் பறக்கப் பழகியாக வேண்டும். அத்தகைய கூட்டத்துக்குள் மனிதரோ ட்ரோனோ புகுந்தால், பெற்றோர் எழுந்து பறக்கும். மூடியிருந்த முட்டைகள் வெயிலில் காயும். கடற்புறாக்கள் முட்டைகளைத் தூக்கிச் செல்லும். சில சமயம் பெற்றோர் கூட்டையே கைவிட்டுவிடும்.

மீன் துண்டு ஒன்று போடலாமா?

சான் ரீமோவிலும், சிட்னிக்கு வடக்கே உள்ள தி என்ட்ரன்ஸ் என்ற ஊரிலும் கூழைக்கடாக்களுக்கு உணவளிக்கும் நிகழ்ச்சிகள் பல ஆண்டுகளாகப் புகழ்பெற்றவை. தி என்ட்ரன்ஸில் தொண்டூழியர்கள் மீன் கொடுத்துக்கொண்டே பறவைகளை ஒவ்வொன்றாகக் கவனிப்பார்கள். எதற்குத் தெரியுமா? எந்தப் பறவையின் பையில் தூண்டில் முள் குத்தியிருக்கிறது, எதன் காலில் நைலான் நரம்பு சுற்றியிருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான். பார்வையாளர்களுக்கு அது வேடிக்கை, பறவைகளுக்கு அது மருத்துவப் பரிசோதனை.

அதைப் பார்த்துவிட்டு நாமும் ஏதாவது போடலாம் என்று நினைப்பது தவறு. சதையை வெட்டியெடுத்த பெரிய மீன் எலும்புக்கூடுகளைத் துறைகளில் சிலர் வீசுவார்கள். அவற்றின் கூர்மையான முட்கள் பையையும் தொண்டையையும் கிழித்துவிடும். ரொட்டியில் அதற்கு வேண்டிய சத்து இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, மனிதன் என்றால் உணவு என்று பறவை கற்றுக்கொள்வதுதான். பிறகு தூண்டில் போடும் ஒவ்வொருவரின் பக்கத்திலும் அது போய் நிற்கும். தூண்டிலில் மாட்டிய மீனை அது எட்டிப் பிடிக்கும். மீனோடு முள்ளும் உள்ளே போகும்.

அப்படி ஒரு பறவை மாட்டிக்கொண்டால் நரம்பை அறுத்துவிட்டுப் பறக்கவிடக் கூடாது. தொங்கும் நரம்பு மரக்கிளையில் சிக்கினால் பறவை அங்கேயே பட்டினி கிடந்து சாகும். துறையிலுள்ள பெரியவர்களிடம் சொல்லி, வனவிலங்கு மீட்புக் குழுவை அழைக்கச் சொல்லுங்கள். முள்ளும் காயமும் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்தால், மீட்க வருபவர்களுக்கு அது மிகவும் உதவும்.

உணவளிக்கும் விதிகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு முதல் அனுமதியின்றி வனவிலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம். காட்டுப் பறவைகளுக்கும் இது பொருந்தும்.

வெள்ளைப் பறவையும் ஏமாறும் கேமராவும்

இனிப் படம் எடுக்கும்போது வரும் சில சிக்கல்கள்.

முதலாவது, வெண்மை. கேமராவின் ஒளி அளவி, தன் முன்னிருக்கும் காட்சி சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கும் என்று கருதிக்கொள்கிறது. கருமையான தண்ணீருக்கு நடுவே ஒரு சிறிய வெள்ளைப் பறவை இருந்தால், காட்சி இருட்டாக இருக்கிறது என்று அது நினைத்து ஒளியைக் கூட்டிவிடும். பறவையின் இறகு விவரமெல்லாம் அழிந்து வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். மாறாக, பறவை திரை முழுவதையும் நிரப்பினால், ஒளி அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். வெள்ளை இறகு அழுக்குச் சாம்பலாகத் தெரியும். முதல் நிலையில் எக்ஸ்போஷரை ஒரு படி குறையுங்கள். இரண்டாவதில் ஒரு படி கூட்டுங்கள். ஒரு படி என்பது ஒளி பாதியாவது அல்லது இருமடங்காவது. கைத்தொலைபேசியில் திரையிலுள்ள பறவையின் மேல் விரலை வைத்தால் பெரும்பாலும் ஒரு சூரியக் குறி தோன்றும். அதை மேலும் கீழும் நகர்த்தி இதைச் செய்யலாம்.

இரண்டாவது, வேகம். கூழைக்கடா மணிக்கு 56 கிலோமீட்டர் வரை வேகத்தில் பறக்கக்கூடியது. அதாவது வினாடிக்கு 15.6 மீட்டர். ஷட்டர் ஒரு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், அதற்குள் பறவை 26 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். படம் இழுபடும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 1.6 சென்டிமீட்டர். இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்றால் 0.8 சென்டிமீட்டர். பறவையோடு சேர்த்துக் கேமராவையும் ஒரே சீராகத் திருப்பினால் மங்கல் இன்னும் குறையும்.

மூன்றாவது, உயரம். நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் பறவைக்குப் பின்னால் தண்ணீர் மட்டும்தான் தெரியும். தண்ணீரை நேர் மேலிருந்து பார்க்கும்போது அதன் மேற்பரப்பு ஒளியில் சுமார் 2 விழுக்காட்டை மட்டுமே பிரதிபலிக்கிறது. பார்வை மேற்பரப்பை ஒட்டித் தாழத் தாழப் பிரதிபலிப்பு கூடிக்கொண்டே போகும். கடைசியில் தண்ணீர் கண்ணாடியாகிவிடும். ஆகவே, பாதுகாப்பான இடமாகப் பார்த்து உட்கார்ந்து, கேமராவைத் தண்ணீரின் மட்டத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். பறவையும் அதன் நிழலுருவும் சேர்ந்து கிடைக்கும். வழுக்கும் பாறைகள், ஏறிவரும் அலைகள், படகு கட்டும் கயிறுகள் ஆகியவற்றில் கவனம் தேவை. தனியாகப் போக வேண்டாம்.

வெளிச்சப் பாய்ச்சியை அணைத்துவிடுங்கள். கண்ணின் மேல் குவியத்தை வையுங்கள். கண் தெளிவாக இருந்தால் பறவையின் பார்வை உயிரோடு நம்மை எட்டும். இந்தப் பறவையின் அறிவியல் பெயரில் உள்ள ‘கான்ஸ்பிசில்லேட்டஸ்’ என்ற சொல்லும், கண்ணைச் சுற்றி அதற்கு இருக்கும் கண்ணாடி போன்ற வளையத்தைக் குறித்து வைத்ததுதான்.

வேடிக்கை பார்த்தவர்கள் காப்பாற்றிய பறவை

பறவையைப் பார்ப்பதால் யாருக்கு என்ன பயன்? இதற்கு ஒரு கூழைக்கடாவின் வரலாறே விடை சொல்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியா கரைக்கு அப்பால் அனகாப்பா என்ற தீவு உள்ளது. அங்கே பழுப்புக் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். 1970ஆம் ஆண்டு அங்கே கூடுகளை எண்ணியபோது, 552 கூடுகளிலிருந்து ஒரே ஒரு குஞ்சுதான் பிழைத்தது தெரியவந்தது. காரணம், டிடிடி என்ற பூச்சிக்கொல்லி. அது கடலில் கலந்து, மீன்களின் உடலில் சேர்ந்து, மீன்களைத் தின்ற பறவைகளின் உடலில் இன்னும் அதிகமாகச் சேர்ந்தது. அதன் விளைவாக முட்டை ஓட்டில் கால்சியம் சரியாகப் படியவில்லை. கூழைக்கடாக்கள் தங்கள் சவ்வுக் காலடிகளால் முட்டைகளை மூடித்தான் அடைகாக்கும். மெல்லிய ஓடு அந்தப் பாரத்தைத் தாங்காமல் நொறுங்கியது. தாயின் காலடியிலேயே முட்டை உடைந்தது.

1972இல் அமெரிக்கா டிடிடி பயன்பாட்டுக்குத் தடை விதித்தது. பறவைகளின் எண்ணிக்கை மெல்ல மெல்ல ஏறியது. 2009இல் பழுப்புக் கூழைக்கடா அந்நாட்டின் அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இந்த மாற்றத்தின் தொடக்கத்தில் இருந்தவர்கள், தீவுக்குப் போய்ப் பொறுமையாகக் கூடுகளை எண்ணி எழுதியவர்கள்.

உங்கள் படமும் அப்படி ஒரு பதிவாகலாம். நாள், நேரம், இடம், எத்தனை பறவைகள் ஆகியவற்றைச் சேர்த்து இ-பேர்ட் அல்லது ஐ-நேச்சுரலிஸ்ட் தளத்தில் பதிவேற்றினால் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துவார்கள். பறவையின் காலில் வளையம் இருந்தால் அதிலுள்ள எண்ணும் எழுத்தும் தெரியும்படி படம் எடுங்கள். அந்தப் பறவை எங்கிருந்து வந்தது, எவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க அது உதவும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஆஸ்திரேலியா போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சிங்கப்பூரில் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகமும், மலேசியாவில் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவும் கொக்குகளும் நாரைகளும் வரும் இடங்கள். கூழைக்கடாவுக்கான பயிற்சியை அவற்றிடம் தொடங்கலாம்.

1. வீட்டில்: 45 சென்டிமீட்டர் நீளத்தில் ஓர் அட்டையை வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். அதுதான் அலகு. 1 மீட்டர், 5 மீட்டர், 15 மீட்டர் தூரங்களிலிருந்து கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் திரையின் அகலத்தில் அட்டை எத்தனையில் ஒரு பங்கு என்று அளந்து, மேலே உள்ள சூத்திரத்தோடு ஒப்பிடுங்கள்.

2. நீர்க்கரையில்: உங்கள் ஓரடியின் நீளத்தை முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். ஒரு கொக்கைத் தேர்ந்தெடுத்துத் தொலைவில் உட்காருங்கள். நடைபாதையில் மற்றவர்கள் கடக்கும்போது அது எந்தத் தூரத்தில் தலையை நிமிர்த்துகிறது, எந்தத் தூரத்தில் விலகுகிறது என்று குறியுங்கள். நீங்களாகப் போய் அதை எழுப்ப வேண்டாம்.

3. முப்பது நிமிடம்: ஒவ்வொரு நிமிடமும் பறவை என்ன செய்கிறது என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். கோதுகிறது, நிற்கிறது, தேடுகிறது, பிடிக்கிறது, நிமிர்கிறது. முடிவில் முப்பது சொற்கள் இருக்கும். ‘நிமிர்கிறது’ என்ற சொல் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். அந்த எண் குறையும் தூரம் எதுவோ, அதுவே அந்தக் கரையில் படம் எடுக்கச் சரியான இடம்.